ஊர் நாற்காலி

கொத்தில் மிச்சமிருந்த கடைசிச் சாவியையும் நுழைத்துத் திருகிப் பார்த்துவிட்டு, பொன்னுலிங்கம் பட்டறைப் பூட்டை ஓங்கி ஒரு குத்து குத்தினார். பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத்தான் கை வலித்தது.

"சவத்துப் பூட்டு" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வீட்டு முன்னறையில் அவருடைய அண்ணன் வைகுண்டராஜனைச் சுவரோடு சாய்த்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நெற்றியில் வெள்ளை நாமம், தலையில் காவித் தலைப்பாகை. முந்தைய நாள் சாயங்காலம் வாழைக்குத் தண்ணீர் விட மோட்டார் போடப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்தில் பாயில் அவர் மனைவி முத்துக்கனி இருந்தாள். சன்னல் வழியாகப் பார்த்தால் பட்டறை வாசல் நேராகத் தெரியும். கொழுந்தன் பூட்டோடு மல்லுக்கட்டுவதைக் காலையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 'ஒங்க தம்பிக்கு நல்ல வேலை குடுத்துட்டுப் போயிட்டிய' என்று மனசுக்குள் புருஷனிடம் சொன்னாள்.

பொன்னுலிங்கம் உள்ளே வந்தார். வேட்டியில் கையைத் துடைத்தபடி அண்ணன் மகள் சுபிதாவிடம் கேட்டார்.

"மக்கா, அப்பாக்க அரைஞாண்ல கிடந்த சாவி இதுதானா? வேற உண்டா?"

"அது மட்டுந்தான் சித்தப்பா. திரும்பலியா?"

"திரும்புதுட்டி. நல்லா வட்டம் வட்டமாத் திரும்புது. பூட்டு மட்டும் விடமாட்டேங்கு."

வாசலில் இருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டு, பிறகு இருமி மறைத்தார்கள். முத்துக்கனிக்குக் கோபம் வரவில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பார்.

பட்டறைக் கதவைத் திறந்தே தீரவேண்டிய காரணம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அய்யா வழிக்காரர்கள் நிறைந்த அந்த ஊரில் இறந்தவரை எரிக்கிற வழக்கம் கிடையாது. உட்கார்ந்தபடியே கொண்டுபோய், உட்கார்ந்தபடியே வடக்குப் பார்த்து அடக்கம் செய்வார்கள். முன்பெல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டு மூங்கிலில் வைத்துக் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒருமுறை கால்வாய்க் கரைத் திருப்பத்தில் கட்டு இளகி, நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்து, தொண்ணூறு வயதுப் பெரியவர் ஒருவர் கடைசிப் பயணத்தில் தண்ணீருக்குள் விழப் பார்த்தார். வேட்டியைப் பிடித்துத்தான் நிறுத்தினார்கள். அவருடைய மகன்கள் அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

சார்ஜாவில் பிட்டர் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த வைகுண்டராஜன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த வாரமே இரும்புக் குழாயை வளைத்து ஒரு நாற்காலி செய்தார். மடக்கலாம், விரிக்கலாம். மூங்கிலை நுழைக்க இரண்டு பக்கமும் குழாய், தலை சாயாமல் இருக்க ஒரு தாங்கு, மார்போடு அணைத்துப் பிடிக்க ஒரு நாடா. ஊர் நாற்காலி என்று அதற்குப் பேராகிவிட்டது. ஊரார் கும்பிடுகிற நிழல்தாங்கலின் கொட்டகையில்தான் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் எவனோ ஒருவன் அதையும் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். பிணம் போகிற நாற்காலி என்றுகூடப் பார்க்கவில்லை.

வைகுண்டராஜன் இரண்டாவதாக ஒன்று செய்தார். "இது இனி எனக்க பட்டறையில இருக்கட்டும்" என்றார். ஊரும் சரியென்றது. அதைவிடப் பத்திரமான இடம் அஞ்சுகிராமம் வட்டாரத்திலேயே இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அன்றிலிருந்து எந்த வீட்டில் இறப்பு என்றாலும் அவரே போய்ப் பட்டறையைத் திறந்து நாற்காலியை எடுத்துக் கொடுப்பார். பட்டறையைத் திறக்கிறவரே ஒருநாள் அந்த நாற்காலியில் உட்காரவேண்டி வரும் என்று ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றியதாகத் தெரியவில்லை.

அவர் களவுக்குப் பயந்த கதை ஊருக்கே தெரியும். வளைகுடாவிலிருந்து கார்கோவில் போட்டுக் கொண்டுவந்த துளை போடும் மெஷினையும், கட்டிங் மெஷினையும், ஸ்பேனர் பெட்டியையும் வாசல் அலமாரியில் வைத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது அலமாரி மட்டும் இருந்தது. பாலைவன வெயிலில் கிடந்து சேர்த்த சாமான். மனுஷர் அலமாரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு எழுந்து பட்டறைக்கு அஸ்திவாரம் தோண்டினார்.

சன்னல் தலைக்கு மேலே, அதுவும் கம்பி போட்டு. ஒவ்வொரு சாமானிலும் பெயர் கொத்தினார். சுபிதாவின் அறைக்கு அடித்து மிச்சமிருந்த கத்தரிப்பூ நிறப் பெயிண்டால் எல்லாக் கைப்பிடிகளிலும் ஒரு வளையம் போட்டார். கத்தரிப்பூ நிறச் சுத்தியலை எந்தக் கடையில் கொண்டுபோய் விற்பான்? சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு சாமானையும் அதன்மேல் வைத்துச் சுற்றி வரைந்து அதே பெயிண்டைப் பூசினார். ஒன்று குறைந்தாலும் அதன் வடிவம் வெறுமையாகக் கிடந்து கண்ணைக் குத்தும். வாசலுக்கு மேலே சிவப்பு வெளிச்சம் மினுக்கும் ஒரு கேமரா இருந்தது. அது பழைய பெட்டி. உள்ளே ஒரு பல்பைத் தவிர ஒன்றும் கிடையாது. சாமானை வெளியே கொடுக்கமாட்டார். "எடுத்துக்கிட்டுப் போவாண்டாம். இங்க வந்து என்ன வேணும்னாலும் செய்துக்க" என்பார். மண்வெட்டிக்குக் கைபோட, அரிவாள் தீட்ட, பிள்ளைகளின் சைக்கிளைச் சரிபார்க்க என்று பட்டறையில் ஆள் ஓயாது.

அப்புறம் இந்தப் பூட்டு. பாறாங்கல் மாதிரி இருக்கும். "கள்ளனுக்குப் பூட்டைக் காட்டணும் கேட்டியா. பூட்டைப் பாத்துட்டான்னா அவன் பின்ன வேற எதையும் பாக்கமாட்டான்" என்று முத்துக்கனியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவள் அரிசி களைந்துகொண்டே, "அப்ப எனக்குச் சொல்லித்தாருங்க, அதுல என்ன ரகசியம்?" என்று கேட்டாள்.

"ஒன்னட்டச் சொன்னா மத்தியானத்துக்குள்ள சந்தைக்குத் தெரிஞ்சிரும்."

அது உண்மைதான். வாயில் எதுவும் நிற்காது அவளுக்கு. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

"ஒனக்குத் தெரியாண்டாம்ட்டி. ஒனக்க கைக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார். கேலி பண்ணுகிறார் என்று அப்போது விட்டுவிட்டாள்.

அவள் கை பேசப்படவேண்டிய கைதான். முடக்குவாதம் வந்து விரல்கள் உள்நோக்கி மடங்கி வருஷக்கணக்காகிறது. சின்னதாக எதையும் பிடிக்க முடியாது, திருக முடியாது. அதனால் அந்த வீட்டில் திருகுகிற சாமானே கிடையாது. குழாய்க்கெல்லாம் முழங்கையால் தள்ளுகிற நீளப் பிடி. அடுப்பில் திருகுக் குமிழுக்குப் பதில் தள்ளுகிற கட்டை. அகப்பை, கரண்டி, வாளி எல்லாவற்றுக்கும் சைக்கிள் டியூப் சுற்றிய தடித்த பிடி. அவள் சப்பாத்திக்கு மாவு பிசையும்போதெல்லாம் வந்து ஒரு உருண்டையைக் கேட்பார். "பிடி" என்பார். அவள் இறுக்கிப் பிடிப்பாள். விரல்கள் பதிந்த அந்த மாவைத் திருநீற்றுப் பொட்டலத்தைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பட்டறைக்குப் போவார். இரண்டு நாளில் வீட்டில் ஏதாவது ஒரு பிடி புதிதாக முளைத்திருக்கும்.

"மைனி" என்று பொன்னுலிங்கம் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும். பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு கொண்டாரச் சொல்லட்டா? நல்லா இறுக்கிக் கட்டிருவோம்."

"வேண்டாம் தம்பி." அவள் யோசிக்கவேயில்லை. "ஊருல எல்லாரையும் அவிய செஞ்ச நாற்காலியில அனுப்பி வச்சாவ. அவியளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போவச் சம்மதிக்கமாட்டேன்."

"அப்ப கதவை வெட்டணும். குமாரதாஸ் கட்டிங் மெஷினோட வந்து நிக்கான்."

முத்துக்கனி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். களவு போய்விடக்கூடாது, களவு போய்விடக்கூடாது என்று கிடந்த மனுஷர். இத்தனை காலமாக ஒரு கள்ளனாலும் கீறமுடியாத கதவை அவர் வீட்டைவிட்டு இறங்குகிற நாளில், அவர் கண்ணெதிரே, சொந்தக்காரர்களே பிளந்து போடுவதா? நாற்காலி வேண்டுமென்றால் கதவு போகும். கதவு வேண்டுமென்றால் அவர் கயிற்றுக் கட்டோடு தொங்கிக்கொண்டு போகவேண்டும். அவளுக்கு இரண்டுமே ஆகவில்லை.

பக்கத்து வீட்டுக் குமாரதாஸ் வாசலில் நின்றான். தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா, எனக்கும் கை வரல்ல பாத்துக்கிடுங்க. எனக்க அம்மைய அந்த நாற்காலியிலதான் கொண்டுபோனோம். கால்வாய்த் திருப்பத்துல அண்ணன் கூடவே நடந்து வந்தாவ. அம்மைக்க தலை ஒரு இம்மி சாயல்ல." "வெட்டுனா நானே வெல்டு அடிச்சுத் தந்திருவேன் அக்கா. புதுக் கதவு மாதிரி."

சுபிதா அம்மாவின் தோளைப் பிடித்தாள். "அம்மா, வேற வழி இல்லம்மா."

முத்துக்கனி சன்னல் வழியாகப் பட்டறைக் கதவை ஒருதரம் பார்த்தாள். பிறகு மகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"செரி. நான் பின்னால போய் மூஞ்சியக் கழுவிட்டு வாறேன். அதுக்குள்ள வெட்டிப்போடுங்க. எனக்குப் பாக்கமுடியாது."

கொல்லைப்பக்கம் அடுக்களைக்கும் பட்டறையின் பின்சுவருக்கும் நடுவே துணி துவைக்கிற கல் கிடந்தது. முன்னால் மெஷினுக்கு வயர் இழுக்கிற சத்தம் கேட்டது. முழங்கையால் குழாயைத் தள்ளி முகத்தில் தண்ணீர் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். அழுகிறோமா கழுவுகிறோமா என்று தெரியாதபடி இருந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

அப்போது எதிர்வீட்டு ஞானசெல்வி, அவரைக் குளிப்பாட்டியபோது விரித்திருந்த கெட்டிப் போர்வையை அலசிப் பிழிந்து தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். பட்டறைச் சுவரில் இடுப்புயரத்துக்கு இருந்த இரும்புக் கம்பியில் அதைப் போடப்போனாள்.

"ஏட்டி, அதுல போடாத!" முத்துக்கனி பதறிக்கொண்டு சொன்னாள். "துண்டு மட்டுந்தான் போடணும். கனமாப் போட்டா அவிய ஏசுவாவ."

"செரி மைனி, செரி" என்று ஞானசெல்வி பாவம் பார்க்கிற குரலில் சொல்லிவிட்டுப் போர்வையோடு வேலிப்பக்கம் போனாள். ஏசுகிறவர் முன்னறையில் தலைப்பாகையோடு இருக்கிறார் என்பதை அவளும் சொல்லவில்லை.

முத்துக்கனி அங்கேயே நின்றாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எதற்கு ஏசுவார்? எத்தனையோ வருஷமாக அவள் அந்தக் கம்பியில் துண்டு காயப்போடுகிறாள். ஒருமுறை நனைந்த கம்பளியைப் போட்டபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு ஓடிவந்து எடுத்துப் போட்டார். "கனம் தாங்காதுட்டி" என்று சத்தம் போட்டார். அன்றைக்கு முழுதும் அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தாள். ஆளையே தூக்குகிற நாற்காலி செய்த மனுஷர் அடித்த கம்பி ஒரு கம்பளியைத் தாங்காதா?

கம்பியைப் பார்த்தாள். காய்ந்த துண்டு ஒன்று அதில் கிடந்தது. அதை எடுத்தாள். துண்டுக்கு அடியில் கம்பியின் நடுவே சைக்கிள் டியூப் சுற்றிய பிடி இருந்தது. வழுக்கினால் பிடித்துக்கொள்ள என்று சொல்லியிருந்தார். அவளும் அப்படியே நினைத்திருந்தாள். காலையில் பட்டறைக்குப் போகுமுன் அவர் தினமும் ஒருதரம் கொல்லைப்பக்கம் வந்து போவார். ஆம்பிளைகள் வேறு எதற்குக் கொல்லைக்கு வருவார்கள் என்று அவள் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

கையை அந்தப் பிடியின்மேல் வைத்தாள். மடங்கிய விரல்கள் ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தன. கோணிப்போன சுண்டுவிரலுக்குக்கூட அங்கே ஒரு இடம் இருந்தது.

முன்னால் மெஷின் உறுமத் தொடங்கியது.

முத்துக்கனி அமுக்கினாள். பெரிய பலம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரு நனைந்த கம்பளியின் கனம் போதும். கம்பி கீழே இறங்கியது. சுவருக்குள் எங்கோ ஒரு வயர் இழுபடும் சத்தம் அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

"ஏலே! ஏலே, நிறுத்துடே!" முன்னாலிருந்து பொன்னுலிங்கம் கத்தினார். "தொறந்துட்டு!"

"நான் இன்னும் வைக்கவே இல்லியே!" என்றான் குமாரதாஸ்.

முத்துக்கனி கம்பியைப் பழையபடி மேலே தூக்கிவிட்டு, அதன்மேல் துண்டைப் போட்டு மூடினாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து முன்பக்கம் வந்தாள்.

கதவு தானாகவே வெளியே விலகிக் கிடந்தது. அந்தப் பெரிய பூட்டும் அது மாட்டியிருந்த தகடும் கதவோடேயே போயிருந்தன. நிலையோடு அதைப் பிடித்த திருகாணி போலத் தெரிந்ததெல்லாம் வெறும் குமிழ்கள். எதையும் அவை பிடித்திருக்கவில்லை. ஊரே காலையிலிருந்து மல்லுக்கட்டியது ஒன்றையும் பூட்டாத ஒரு பூட்டோடு.

உள்ளே பலகையில் எல்லாம் அதனதன் கத்தரிப்பூ நிழலில் தொங்கின. சுத்தியல், ரம்பம், இடுக்கி, அவர் மறுபடியும் சேர்த்து வாங்கிய மெஷின்கள். ஒன்றும் குறையவில்லை. வலது மூலையில், வெளுத்த போர்வை மூடி, ஊர் நாற்காலி மடங்கி நின்றது. குமாரதாஸ் போர்வையை எடுத்தான். மார்பு நாடா புதிதாக இருந்தது. போன மாதம் அடக்கத்துக்குப் போய்வந்து அவர்தான் மாற்றியிருக்கவேண்டும். அடுத்து யாருக்கு என்று தெரியாமலேயே எண்ணெய் போட்டு, துடைத்து, தயாராக வைத்திருந்தார்.

"எப்பிடி மைனி தொறந்துது?" பொன்னுலிங்கம் கையில் சாவிக் கொத்தோடு கேட்டார். சுபிதாவும் அம்மாவைத்தான் பார்த்தாள்.

வாயில் எதுவும் நிற்காத முத்துக்கனி ஒரு நொடி வாயைத் திறந்தாள். பிறகு சொன்னாள்.

"ஒங்க அண்ணன்தான் தொறந்து விட்டாவ."

யாரோ ஒரு கிழவர் "அய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த வருஷம்வரை ஊர் இதையே பேசப்போகிறது. பேசட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

அவரை நாற்காலியில் உட்கார்த்தினார்கள். நாடாவை மார்போடு அணைத்து மாட்டினார்கள். தலை அழகாகத் தாங்கில் பொருந்தியது. முத்துக்கனி அருகில் போய், நாற்காலியின் கைமேல் கிடந்த அவர் கையின்மேல் தன் கையை வைத்தாள். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போது பட்டது. நெஞ்சு நிறைந்து வந்தது. அழுகையும் அதோடேயே வந்தது.

"நல்லாப் பாத்துக்கிட்டிய என்னைய" என்றாள், எல்லாருக்கும் கேட்கிறபடி. "ஒரு கொறையும் வைக்கல்ல. நல்லபடியாப் போங்க."

"அய்யா சிவ சிவா அரகரா" என்ற குரல்களோடு நாற்காலி எழுந்தது. அவர்களுடைய வாழைத்தோப்பின் வடகோடியில்தான் குழி வெட்டியிருந்தார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். முத்துக்கனி வாழைக்கு இடையில் தெரிந்த கால்வாய்க் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பம் வந்தது. தூக்கினவர்கள் நடை தளர்த்தினார்கள். குமாரதாஸ் பக்கத்திலேயே கையை ஏந்தினாற்போல நடந்தான். அந்தக் கைக்கு வேலை வரவில்லை. காவித் தலைப்பாகை நேராக, ஆடாமல், திருப்பத்தைக் கடந்து போயிற்று.

வெயில் இறங்கும்போது ஆண்கள் மோட்டார்த் தண்ணீரில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தார்கள். பொன்னுலிங்கம் நாற்காலியையும் கழுவித் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"அதுக்க இடத்துல வையுங்க தம்பி" என்றாள் முத்துக்கனி.

அவர் பட்டறைக்குள் கொண்டுபோய் மூலையில் நிறுத்தி, போர்வையால் மூடினார். வெளியே வந்து கதவைத் தள்ளிச் சாத்தினார். அது மறுபடி மெல்ல வெளியே விலகியது. பூட்டைப் பார்த்தார். மைனியைப் பார்த்தார்.

"இதை இனி எப்பிடிப் பூட்டுகது?"

"கதவ அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நில்லு மக்கா" என்று சுபிதாவிடம் சொன்னாள் முத்துக்கனி. "மத்தவிய எல்லாம் முன்னால போய்க் காப்பி குடிங்க. போங்க."

கொல்லைப்பக்கம் யாரும் இல்லை. ஞானசெல்வியின் போர்வை வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. முத்துக்கனி கம்பியை ஒருதரம் அமுக்கி, மேலே விட்டாள். முன்பக்கம் தாழ் விழுகிற சத்தம் கேட்டது. "விழுந்துட்டும்மா!" என்று சுபிதாவின் குரல் வந்தது.

அவள் குழாயைத் தள்ளி, காலையிலிருந்து தோளில் கிடந்த சின்னத் துண்டை அலசினாள். பிழிய வராத கைக்குள் முடிந்த மட்டும் பிழிந்தாள். நன்றாக உதறி, கனமில்லாமல், கம்பியின் நடுவில் விரித்துப் போட்டாள்.